பத்தொன்பதாவது இடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இது என் கையெழுத்துதான். யாரையும் பிடித்து உட்கார வைத்து எழுதச் சொல்லவில்லை. நேற்றுக் காலை தொடங்கினேன், இன்று மத்தியானத்துக்குள் முடித்துவிடுவேன். நானும் அம்மாவும் நலம். அவள் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், பஸ் துறையில்தானே வேலை பார்க்கிறாய், நம் தெருவுக்குள் பஸ் வரும்படி செய் என்று உன்னிடம் கேட்டேன். எண்ணிப் பார்க்காமல் எதையும் முதலில் வைக்க முடியாதுப்பா என்றாய். பெற்றவளுக்கே உதவாத படிப்பு என்ன படிப்பு என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு பேசவில்லை. இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. மெதுவாகத்தான் சொல்ல வரும்.

எழுதப் படிக்கக் கற்க நூலகத்தில் மாலை வகுப்புக்குப் போகிறேன். ஏழு பேர் படிக்கிறோம். இளையவருக்கு ஐம்பத்தெட்டு வயது. டீச்சரம்மா உன்னைவிடச் சின்னவள். தப்பாகப் படித்தால் திட்டமாட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். அதற்குள் நாங்களே திருத்திக்கொள்ள வேண்டும். போன வாரம் மருந்து அட்டையை நானே படித்து, எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று அம்மாவுக்குப் பிரித்து வைத்தேன். அவள் மறுபேச்சில்லாமல் விழுங்கினாள். இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா?

போன மாதம் நூலகச் சுவரில் உங்கள் துறையின் பட்டியலை ஒட்டினார்கள். எந்த பஸ் வேலையை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று இருபத்திரண்டு வேலைகள். மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று போட்டிருந்தது. தெருக்கோடித் தையல்காரரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறோம், நினைவிருக்கிறதா? அவர் பார்த்துவிட்டு வந்து, மக ஆபீஸ்ல பஸ்ஸு, அப்பாவுக்கு நடராஜா சர்வீஸா என்று சிரித்தார்.

மற்றவர்கள் தங்கள் தெருவை மட்டும் கண்ணால் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அந்த வித்தை தெரியாது. மேலே தொடங்கினால் எழுத்தெழுத்தாகக் கீழே வந்துதான் ஆக வேண்டும். நம் தெருவை எட்ட மூன்று மாலை ஆயிற்று. பத்தொன்பதாவது இடம். அதற்குள் நமக்கு முன்னால் நிற்கும் பதினெட்டையும் படித்துவிட்டேன்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் இருந்தது. எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், வேறு வழி உண்டா, அடிபட்டவர்கள் எத்தனை பேர். ஓரிடத்தில் பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை நடைபாதையே இல்லை. இன்னோரிடத்தில் துணி ஆலைப் பெண்கள் பாலத்தின் மேல் சுவரை ஒட்டி நின்று பஸ் ஏறுகிறார்கள். நம் தெருவுக்கு எதிரே, பன்னிரண்டு நிமிட நடை, மேடு இல்லை, நிழல் உண்டு என்றிருந்தது. அம்மாவுக்கு அது அரை மணி நேரம் என்று அதில் இல்லை. உனக்குத் தெரியுமே, தெரிந்தும் இப்படியா என்று அந்தச் சுவரிடமே கேட்டேன்.

முதலில் இருந்தது பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள சாலை. குற்றம் கண்டுபிடிக்கத்தான் வியாழக்கிழமை அங்கே போனேன். பஸ் எதிர்ப்புறம் இறக்கிவிட்டது. நான்கு வரிசையாக வண்டிகள். நடுவில் ஒதுங்க இடமில்லை. காலில் கட்டுப் போட்டவர், கைக்குழந்தைக்காரி, எல்லோரும் ஓட்டமும் நடையுமாகக் கடக்கிறார்கள். நான் சாலையில் காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றேன். வார்டில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து, மறு கையை லாரிக்குக் காட்டியபடி என்னை அந்தப் பக்கம் கொண்டு சேர்த்தாள். இந்தச் சாலையைத்தான் முதலில் சரிசெய்யப் போகிறார்கள், பட்டியலில் படித்தேன் என்று சொன்னேன்.

"அப்போ அந்தப் பொண்ணு பட்ட பாடு வீண் போகலை," என்றாள். "நாலு நாள் இங்கேயே நின்னு, கடக்கிறவங்களை எண்ணிச்சு பெரியவரே. மழையில குடையைக் காகிதத்துக்குப் பிடிச்சிட்டு அந்தப் பொண்ணு நனைஞ்சுது. ஏம்மா இப்படின்னு கேட்டேன். எங்கம்மாவும் மெதுவாத்தான் நடப்பாங்கன்னு சொல்லிச்சு."

இடது புருவத்தில் தழும்பு இருந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நம் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தூரத்தில் நான்கு நாள் நின்றிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் பொத்தான் தைத்துக்கொண்டே, "மழை பெய்ஞ்சது மூணாம் நாள்," என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடைத்தெருவுக்குப் போனதும் நீ அவளோடு பேசுகிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. கோபம் வரவில்லையம்மா. வீட்டில் ஒருத்தியோடாவது பேசிக்கொண்டிருந்தாயே என்று நிம்மதியாக இருந்தது.

அம்மாவின் காலைச் சொல்லி நம் தெருவை மேலே தூக்கியிருக்கலாம். நீ அதே காலை நினைத்து அந்தச் சாலையில் நின்றாய். அதற்கு நன்றி. கருத்துத் தாளில் "வரிசை சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்ப நம்ம கதி என்று ரேடியோ கேட்டார். முதலில் அந்தச் சாலையை ஒரு தடவை கடந்துவிட்டு வாரும், பிறகு பேசலாம் என்றேன்.

நீ எண்ணிய இடமெல்லாம் ஜனங்கள் பயமில்லாமல் நடக்கட்டும். நீ நன்றாக இரு. அடுத்த முறை இந்தப் பக்கம் வேலை வந்தால் விடுதியில் தங்காதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் கடைத்தெருவுக்குப் போகவில்லை. அம்மாவோடு பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா