வழுக்கி விழுந்தவர்கள்

சித்தி,

வீடெல்லாம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த வாடை. அம்மா மணிக்கட்டில் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். அடுத்த அறையில் அப்பாவின் குறட்டை நின்றுவிடக்கூடாதே என்று கேட்டுக்கொண்டே, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

இந்த வாடையை முதலில் உன் கையில்தான் அறிந்தேன். சித்தப்பா உடைத்தது வலது கை என்பதால் ஆஸ்பத்திரிப் படிவத்தை உன்னால் நிரப்ப முடியவில்லை. துணைக்கு வந்த நான் எழுதினேன். ‘அடிபட்டது எப்படி’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“வழுக்கி விழுந்தேன்னு எழுதுட்டி. கையெழுத்து அழகா இருக்கட்டும்” என்றாய்.

நமக்கு முன்னால் பெஞ்சில் இருந்த, நெற்றி பிளந்த ஒரு பெண் படியில் விழுந்தவளாம். தாடை வீங்கிய அண்ணாச்சி ஒருவர் பைக்கிலிருந்து விழுந்தாராம். “ஆமா, ஒயின்ஷாப்புக்குள்ள பைக் ஓட்டுனாரு” என்றாள் அவர் மனைவி. அந்த பெஞ்சில் அடிவாங்கியவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் விழுந்தவர்கள். நர்ஸ் என் தாளைப் பார்த்துவிட்டு, “தச்சநல்லூர்ல வழுக்காத பாத்ரூமே கிடையாதா?” என்றார்.

“ஆத்துத் தண்ணி அப்படி, சிஸ்டர்” என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதன்பின் இன்னும் இரண்டு தடவை எழுதினேன். நாலாவது தடவை உனக்குத் தலையில் அடி. நினைவு திரும்பவே இல்லை. போலீஸ் வந்தபோது சித்தப்பா உன் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து நீட்டினார். “அவ அடிக்கடி விழுவா சார். பாருங்க, மதினி மவளே எழுதியிருக்கா.”

என்னைப் பார்த்தார்கள். அப்பா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். நான் தலையாட்டினேன்.

சித்தப்பா இப்போதும் தெருவில் எதிர்ப்பட்டால் “நல்லா படிக்கியா?” என்று கேட்கிறார். நான் அதற்கும் தலையாட்டுகிறேன்.

இன்று சாயந்திரம் குழம்பில் உப்பு கூடியதற்கு அப்பா அம்மாவின் கையை முறுக்கினார். “காலையில ஆஸ்பத்திரிக்குப் போணும். நீதான் எழுதணும். வழுக்கி...” என்று தொடங்கிய அம்மா முடிக்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

உன்னிடமிருந்து எனக்கு மிச்சம், நீ பாராட்டிய இந்தக் கையெழுத்து ஒன்றுதான். நாளை அந்த இடத்தில் ‘அப்பா முறுக்கினார்’ என்று எழுதப் போகிறேன். இப்போது ஒருமுறை எழுதிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கோணலாக வருகிறது.

கோணலாகவே இருக்கட்டும், சித்தி.