ஒற்றை ஸ்பீக்கரில் தொலைந்த குரல்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், உள்ளே ஒரு மெமரி கார்டு இருக்கிறது. போனில் அனுப்பினால் பாட்டை நசுக்கி அனுப்பிவிடும். போனில் பேசலாம் என்றாலோ, "இந்தாங்க, உங்க தங்கச்சி" என்று அண்ணனிடம் நீட்டிவிடுவீர்கள். நான்கு வருடமாக அதுதானே நடக்கிறது? அதனால்தான் கடிதம்.

பகல் முழுக்க பல் லேபில் ஊராருக்குப் பல் செய்துவிட்டு, சாயங்காலம் துணி அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பதிவுகளைச் சீர்செய்யும் பைத்தியம் எனக்கு இன்னும் தெளியவில்லை. போன வாரம் பழைய சாமான் கடையில் ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோ ஒன்று வாங்கினேன். நல்ல ஹெட்போனில் எல்லாப் பாட்டும் நன்றாகத்தான் கேட்கும். மட்டமான பெட்டியில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்கத்தான் இந்த ரேடியோ. இதுவரை நான் செய்த பாட்டையெல்லாம் அதில் போட்டேன். நான்கு வருடத்துக்கு முன், உங்கள் அப்பா பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற விழாவுக்காக நீங்கள் எழுதிப் பாடிய பாட்டும் வந்தது.

அண்ணி, கிட்டார் வந்தது, தாளம் வந்தது, உங்கள் குரல் வரவில்லை. அன்றைக்கு ஹாலில் நடந்தது அப்படியே என் அறையில் நடந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ராத்திரி சாப்பாட்டைக்கூட மறந்து தேடியதில் காரணம் கிடைத்துவிட்டது. உங்கள் குரல் அறை முழுக்கப் பரவிக் கேட்கட்டும் என்று அன்று நான் ஒரு வேலை செய்திருந்தேன். இடது பக்கம் குரலின் ஒரு நகல், வலது பக்கம் அதன் ஒலி அலையை மேல்கீழாகத் தலைகீழாக்கி இன்னொரு நகல். இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால் பிரமாதம். ஆனால் இந்த ரேடியோவைப் போலவே ஹாலிலும் இடதையும் வலதையும் ஒன்றாகக் கலந்துதான் எல்லா ஸ்பீக்கர் பெட்டிக்கும் அனுப்புகிறார்கள். கலந்ததும் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஒரே கதவை உள்ளிருந்து நானும் வெளியிலிருந்து நீங்களும் சரிசமமாகத் தள்ளினால் கதவு அசையுமா? அதுபோலத்தான்.

மேடை ஏறினால் கால் நடுங்குகிறது என்றுதானே என்னிடம் பதிவு செய்யச் சொன்னீர்கள்! "இது அப்பாவுக்காக நானே பாடினது" என்று மைக்கில் சொல்லிவிட்டு நீங்கள் நிற்க, நாலு நிமிடம் வெறும் கிட்டார் ஓடியது. அதற்கு மேல் நான் வேறு, "ஹெட்போன்ல நல்லாத்தான் கேக்குது. உங்க குரல் எடுபடலைன்னா நான் என்ன பண்றது?" என்று சொன்னேன். வேண்டுமென்று செய்யவில்லை அண்ணி. ஆனால் செய்தது நான்தான், சொன்னதும் நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள்.

கார்டில் சரிசெய்த பாட்டு இருக்கிறது. நீங்கள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் காரிலும் போனிலும் போட்டுக் கேளுங்கள். திட்டுவதென்றாலும் எழுதித் திட்டுங்கள்.

உங்கள்,
வாலு


மார்ச் 12

நாத்தனாருக்கு,

நலம். உன் அண்ணனும் நலம், எங்களோடு இருக்கும் அப்பாவும் நலம். கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். உன் அண்ணன் பிடுங்கி, உரக்கப் படித்துக் காட்டினார்.

"உங்க தங்கச்சி வேணும்னே என் குரலை அழிச்சிட்டா, நாத்தனார் புத்தியைக் காட்டிட்டா." நான்கு வருடமாக இந்த வீட்டில் நான் சொல்லி வந்தது இதுதான். இப்போது நீ கதவு, தலைகீழ் என்று கணக்கு வாத்தியார் மாதிரி எழுதினால் நான் உடனே உருகிவிட வேண்டுமா? அன்று விழா முடிந்ததும் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "மியூசிக் நல்லா இருந்துச்சும்மா." பாவம் மனுஷன், வேறென்ன சொல்வார்! நீ பாட்டைப் பதித்துக் கொடுத்த டிஸ்க்கை ஒடித்துப் போடும்படி அவரிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பாட்டைப் பற்றி இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நான் குளியலறையில்கூட முணுமுணுத்ததில்லை.

வந்தது வந்துவிட்டதே என்று கார்டைக் காரில் போட்டேன். ஸ்டியரிங் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தவர் ஒரு பாங்க் மேனேஜர். குரல் வந்ததும் என்னையறியாமல் என் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டேன். "நான் என்ன மேடம் தப்பு பண்ணேன்?" என்று பதறிப்போனார்.

குறைகளைக் கேட்டுக்கொள். குரல் இருக்கிறது, சரி. 'ச' வருகிற இடமெல்லாம் சீறுகிறது. தாளம் விழும்போதெல்லாம் கார்க் கதவு கடகடக்கிறது. என் காரில் இடது ஸ்பீக்கர் செத்து ஒரு வருடம் ஆகிறது, அதனால் கிட்டாரையே காணோம். போனில் போட்டால் தாளத்தைக் காணோம். இதைத்தான் சரிசெய்தேன் என்று அனுப்பினாயா?

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி


மார்ச் 19

என் அண்ணனின் மனைவிக்கு,

திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. மூன்று முறை படித்தேன். திட்டுக்கு நடுவில் நாலு குறை சொன்னீர்களே, நாலும் நூற்றுக்கு நூறு சரி. என் விலை உயர்ந்த ஹெட்போன் அதில் ஒன்றைக்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

கிட்டாரை நடுப்பக்கம் நகர்த்தியிருக்கிறேன். இனி எந்த ஸ்பீக்கர் செத்தாலும் அது கேட்கும். தாளத்தின் அடிச்சத்தத்தைக் குறைத்து, போனுக்கும் எட்டுகிற மாதிரி அதன் 'டக்' ஒலியைக் கூட்டியிருக்கிறேன். உங்கள் 'ச'வை அடக்கத்தான் மூன்று நாள் ஆனது. ஊராருக்கெல்லாம் பல் கட்டுகிறவளுக்கு இது தேவைதான்.

பிறகு லேப் வேனில் கேட்டேன், பக்கத்து வீட்டு டிவியில் கேட்டேன், வாட்ச்மேனின் கைரேடியோவில் கார்டைச் செருகிக் கேட்டேன். அவர் காதைக் கிட்டே வைத்துக்கொண்டு, "யாரும்மா பாடறது? பஸ் டிரைவர் பொண்ணா?" என்றார். அண்ணி, வார்த்தை வார்த்தையாக அவருக்குப் புரிந்திருக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாப் பெட்டியிலும் பிரமாதமாகக் கேட்க வைக்க யாராலும் முடியாது. எதிலும் கெட்டுப்போகாமல் கேட்க வைக்கலாம். அவ்வளவுதான் என் வேலை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் புதுக் கார்டை மாமாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். அவருக்கென்று பாடியதை அவர் ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதும் பேசாததும் உங்கள் இஷ்டம்.

உங்கள்,
வாலு


மார்ச் 27

அடி வாலு,

நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை பாங்க் மேனேஜர் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டார். பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் கார்டை அப்பாவுக்குப் போடலாம் என்று போனால், அவர் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே நான் பாடிக்கொண்டிருக்கிறேன்! 'கண்ணாடிக்குள் ஊர் பின்னே போக, கண்ணெதிரே அப்பாவின் முதுகு.' உன் அண்ணன்தான் கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். கார்டு என் கைப்பையில் இருந்தது.

கதவைத் திறந்தேன். காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி அப்பா பட்டென்று பாட்டை நிறுத்தினார். அவருடைய பழைய செட், இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி. நான் ஒடிக்கச் சொன்ன டிஸ்க் அதற்குள்ளே.

"எத்தனை நாளாப்பா இது?"

"நீ வேலைக்குப் போனதும் போடுவேன். தினம்தான்."

"ஹால்ல என் குரலே வரலையே?"

"வீட்டுக்கு வந்து போட்டேன், வந்துச்சு. கூட்டத்துக்கு மியூசிக்கு, எனக்கு மட்டும் உன் பாட்டுன்னு நெனச்சுக்கிட்டேன். பேச்செடுத்தா டிஸ்க்கை வாங்கி ஒடிச்சிருவியே. அதான் சொல்லலை."

கேட்டாயா? இந்த வீட்டில் நான்கு வருடமாக என் குரலைக் கேட்காதவள் நான் ஒருத்திதான். அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டேன். இரண்டு காதிலும் நானே நிற்கிறேன். நான் அழுதேன், அவர் சிரித்தார், பிறகு இரண்டு பேரும் மாற்றிக்கொண்டோம். நீ எனக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. உன்னைத் திட்டியதெல்லாம் வாபஸ். காரில் 'ச' சீறியதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

உன் புதுக் கார்டையும் போட்டேன். நிதானமாகக் கேட்டுவிட்டு அப்பா சொன்ன தீர்ப்பு: "இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா பழசு மாதிரி வராது." உனக்கு வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வா, மைக்கோடு வா. போர்வைகளை எல்லாம் எடுத்துவைத்திருக்கிறேன், எதிரொலி வராமலிருக்க அலமாரியை ஒட்டித் தொங்கவிட்டுக்கொள்ளலாம். இன்னொரு பாட்டு எழுதியிருக்கிறேன், இது உன்னைப் பற்றியது, நல்லவிதமாக எழுதவில்லை. அதை ஊரில் உள்ள எல்லாப் பெட்டிக்கும் ஒன்றாகவும், அப்பாவின் செட்டுக்குத் தனியாக அந்தத் தப்போடேயே ஒன்றாகவும் செய்து கொடு.

பதில் எழுதாதே, போன் செய். உன் அண்ணனிடம் கொடுக்க மாட்டேன்.

உன்,
அண்ணி