பூச்சிச் சத்தம் என்று வெட்டியது

பிப்ரவரி 6

கடைசிக் காற்றாலைக்கும் பல் பட்டை ஒட்டியாயிற்று. இறக்கையின் பின்விளிம்பு இப்போது ரம்பம் மாதிரி இருக்கிறது. காற்று விளிம்பை விட்டு ஒரேயடியாகக் கழன்று இரையாமல், பல் பல்லாகப் பிரிந்து போகும். என் வடிவம். அளவீட்டில் மூன்று டெசிபல் குறைந்திருக்கிறது. சைலன்சர் கைகுலுக்கினார். (எங்கள் மேலதிகாரி. அவர் பேசினால் கீழ்மாடிக்குக் கேட்கும், அதனால் அந்தப் பெயர்.)

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அவள் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் காற்றாலைகள்தான். "அந்த ஹூ ஹூ போயிடுச்சுடி. ஆனா இப்போ கீச்சுனு ஒண்ணு வருது. விசில் வர்றதுக்கு முன்னாடி குக்கர் முனகுமே, அது மாதிரி."

சிரித்துவிட்டேன். அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு குறை.

பிப்ரவரி 11

மறுபடியும் அக்கா. எடுக்கவில்லை.

பிப்ரவரி 19

காற்றாலையைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கான கூட்டம். திரையில் வரைபடத்தைப் போட்டு விளக்கினேன். கைதட்டினார்கள். அப்போது நடு வரிசையிலிருந்து அக்கா எழுந்து அந்தக் கீச்சைப் பற்றிக் கேட்டாள். சைலன்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மைக்கை வாங்கினேன்.

"அந்த மேடம் சொல்ற சத்தம் எங்க அளவீட்டுல இல்ல. சில பேருக்குச் சத்தம் காதுல கேக்காது, மனசுல கேக்கும்."

கூட்டம் சிரித்தது. அக்கா உட்கார்ந்து கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தானிடமிருந்து போன். "என்ன மேடம், சாப்டாச்சா?" அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

பிப்ரவரி 20

தெரிந்தவள் என்று சலுகை காட்டக் கூடாது, அதனால்தான் மேடம் என்றேன்.

பொய். என் அக்கா என்று அங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 28

அக்காவின் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் இன்று அளவீட்டுக்காக எடுத்த ஒலிப்பதிவைத் திறந்தேன். அதை அப்படியே அவளுக்கு அனுப்பி, நீயே கேட்டுப் பார் என்று சொல்வதாகத் திட்டம். நல்ல எண்ணத்தில் செய்ததாக இங்கேகூட எழுதிக்கொள்ள முடியாது.

வெட்டாத பதிவை ஹெட்போனில் கேட்டேன். இறக்கை ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் — கீச்.

வெளியில் அளக்கும்போது சில்வண்டுச் சத்தம் கணக்கைக் கெடுக்கும். அதனால் அந்த உயர்ந்த சுருதிகளை மொத்தமாக வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். கோடையில் அப்படி அமைத்து வைத்ததை அப்படியே இந்தப் பதிவுக்கும் போட்டுவிட்டேன். இந்த மலைக் குளிரில் எந்த வண்டு கத்தும்? வெட்டியதில் என்ன இருந்தது என்று ஒரு தடவை காது கொடுத்தேனா? மைக்கை வைத்துவிட்டுக் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வீடு கூப்பிடு தூரம். போகவில்லை.

பட்டையின் ஓரம் எங்கோ பசை விட்டிருக்க வேண்டும். அந்த இடுக்கில் புகுந்துதான் காற்று ஊதுகிறது.

மனசுல கேக்குமாம். எப்படிடி வாய் வந்துச்சு உனக்கு? அவ உன்னைத் தூக்கி வளத்தவடி.

மார்ச் 3

சைலன்சரிடம் சொன்னேன்.

"மொத்த அளவு விதிக்குள்ளதானே இருக்கு?"

"இருக்கு சார். ஆனா சத்தமும் இருக்கு."

முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்தது. "கூட்டத்துல இல்லைன்னு சொன்னது நீங்க. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்குன்னும் நானே போய்ச் சொல்றேன்."

"உங்க பேர்தாம்மா கெடும்."

பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 5

ஆட்கள் கயிற்றில் தொங்கிப் பார்த்தார்கள். பசை விட்டிருந்தது.

மார்ச் 12

மறுபடியும் அதே கூடம். பாதி நாற்காலி காலி. "போன தடவை எழுந்து கேட்டவங்க என் அக்கா. அவங்க சொன்னது சரி. நான் சரியா அளக்கல, அதுக்கு மேல அவங்களைக் கேலியும் செஞ்சேன்." யாரும் சிரிக்கவில்லை.

யாருக்காகச் சொன்னேனோ அவள் வரவில்லை. கடைசி வரிசையில் அத்தான் மட்டும் இருந்தார். முடிந்ததும் எழுந்து போய்விட்டார்.

அடுத்த திட்டத்தில் என் பெயர் இல்லை.

மார்ச் 25

பட்டைகளைக் கழற்றி மறுபடி ஒட்டிவிட்டார்கள். அக்கா வீட்டுக் கொல்லையில் வெகுநேரம் நின்றேன். இறக்கைகள் சுற்றின. கீச் இல்லை.

"இப்போ இல்ல," என்றாள் அக்கா. டீ கொடுத்தாள்.

"மன்னிச்சுடுக்கா."

"விடுடி. டீ ஆறுது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. விலைவாசி, பக்கத்து வீடு, அத்தான் — எதைப் பற்றியும் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"கால்ல என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

வாசலில் அத்தான் மெதுவாகச் சொன்னார்: "முட்டி வீங்கி ஒரு மாசமாச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா."

மார்ச் 27

லீவு போட்டு அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் முட்டியை அழுத்திப் பார்த்து, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

அக்கா பதில் சொல்லும் முன் என் முகத்தைப் பார்த்தாள்.

"அவ்வளவா இல்ல டாக்டர்," என்றாள்.