கடைசி அறுவடையின் இரண்டு பாட்டில்கள்

ஏப்ரல் 3, வியாழன்

காலையிலேயே வெயில் சுரீரென்று. ஒயின் ஃபிரிட்ஜின் பின்பக்கம் தூசி தட்டினேன். உள்ளே நாற்பத்தொரு பாட்டில். எல்லாம் சிவப்பு, எல்லாம் நாசிக் பக்கத்து ஒரே குடும்பத் திராட்சைத் தோட்டத்துடையவை. ஆபீஸ் வேலையாக அங்கே போய் முதன்முதலில் வாங்கிப் பதினெட்டு வருஷம்.

மதியம் ரேவா போன். தோட்ட முதலாளியின் மகள். அவர் இறந்தபின் இவளும் அண்ணனும்தான் நடத்துகிறார்கள். பேச்சு ஹிந்தியில்.

"அங்கிள், அப்பாவோட கடைசி அறுவடை ஒயின் உங்ககிட்ட இருக்கா? எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. அப்ப தெரியாம எல்லாத்தையும் வித்துட்டோம்."

இரண்டு இருக்கிறது என்றேன்.

அப்பா மேட்டில் நட்ட கொடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு ரகம் போட வேண்டும் என்கிறானாம் அண்ணன். அந்தக் கொடிகளின் கடைசி ஒயின் இத்தனை வருஷம் கெடாமல் தாங்கியிருந்தால் விட்டுவைப்பானாம். சனிக்கிழமை சாணக்யபுரியில் ஏதோ தூதரக விருந்து, அதற்கு டெல்லி வருகிறாள். ஞாயிறு நம் வீடு.

ஏப்ரல் 4, வெள்ளி

மனசு சரியில்லை. காரணத்தை இங்கே மட்டும் எழுதுகிறேன். ஆறு வருஷம் முன், மகள் பிரசவத்துக்குச் சென்னை போயிருந்த மே மாதம், ஃபிரிட்ஜ் நின்றுபோயிருந்தது. எத்தனை நாளோ. திரும்பி வந்து திறந்தால் உள்ளேயும் அறைச் சூடு. யாரிடமும் சொல்லவில்லை, மனைவி வசந்தாவிடம்கூட. அதற்குப் பிறகு அந்த இரண்டையும் திறக்கப் பயம்.

கெட்டிருந்தால் பழி கொடிகள் மேல். நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் தொந்தரவு.

வாங்க: கறிவேப்பிலை, பல்பு, எலுமிச்சை.

ஏப்ரல் 5, சனி

வசந்தா அடைக்கு ஊறப்போட்டாள். "அந்தப் பொண்ணு வெறும் வயித்துல குடிக்கக் கூடாதுல்லா."

அப்போது ஃபிரிட்ஜ் விஷயத்தைச் சொன்னேன். அரிசியை மூடி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"திறக்கறதுக்கு முந்தியே சொல்லிருங்க. பொறவு சொன்னா சாக்கு மாதிரி இருக்கும்."

ஏப்ரல் 6, ஞாயிறு

பதினொரு மணிக்கு ரேவா. உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன். "அச்சா" என்றாள். அவ்வளவுதான். முகம் மாறியது.

முதல் பாட்டில்: கார்க் உதிர்ந்தது. நிறம் பழுப்பு. தீய்ந்த ஜாம் வாசனை. செத்துவிட்டது. கிளாஸைக் கீழே வைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இது என்னால," என்றேன்.

"இன்னொண்ணையும் திறங்க அங்கிள்."

இரண்டாவது: ஓரத்தில் செங்கல் நிறம், நடுவில் இன்னும் கருஞ்சிவப்பு. நாவல்பழம், மிளகு, லேசாகப் புகை. அரை மணியில் வாசனை இன்னும் கூடியது. ஒரே ஃபிரிட்ஜ், ஒரே சூடு. இது மட்டும் எப்படிப் பிழைத்ததோ.

ரேவா இன்னொரு வாய் குடித்தாள். பிறகு அண்ணனுக்குப் போன், மராத்தியில். பாபா, பாபா என்று அப்பாவைச் சொன்னது மட்டும் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு அடை சாப்பிட்டாள்.

சாயங்காலம் விமானம். மீதி ஒயினை இறுக்க மூடி அவளிடமே கொடுத்தேன். அண்ணனும் குடித்துப் பார்க்கட்டும். எனக்கு வாய்த்தது அரை கிளாஸ். போதும்.

ஏப்ரல் 9, புதன்

புழுதிக் காற்று. துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டும்.

ரேவா போன். அண்ணன் குடித்துப் பார்த்தானாம். பாதி மேட்டை விட்டுவைக்கிறான். மறுபாதியை அடுத்த வாரம் பிடுங்குகிறார்கள்.

"பாதியாவது நின்னுச்சே அங்கிள். நீங்க முன்னாடியே சொல்லலேன்னா, முதல் பாட்டிலோட நான் எழுந்து போயிருப்பேன்."

அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன்.