நாற்பது விநாடி

ஆகஸ்ட் 19, 2025

திரைப்படக் கழகச் செயலாளர் லிங்கசாமி நான் வேலை செய்யும் பனியன் கம்பெனிக்கே தேடி வந்துவிட்டார். திருப்பூர் குறும்பட விருது விழாவுக்கு இது இருபத்தைந்தாவது ஆண்டாம். முதல் விழாவின் மறக்க முடியாத தருணங்களைப் பத்து நிமிடப் படமாகத் தொகுத்துத் தர வேண்டுமாம்.

"கேசட் உங்ககிட்டத்தானுங்க இருக்குது. எடிட்டிங்குக்கு உங்கள உட்டா வேற ஆருங்க?"

இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாத என் கைவேலை இப்போது பட்டிருக்கிறது. சரி என்றேன். அவருக்கே ஆச்சரியம்.

ஆகஸ்ட் 24

சரி என்றதன் காரணம் தங்கராஜ்.

அந்த விழாவில் முதல் பரிசு வாங்கிய படத்தை இயக்கியவன். அவன் எடுத்து வந்தது ஒன்பது மணி நேரக் குப்பை. பெருமாநல்லூர் அறையில் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து அதைப் பதினெட்டு நிமிடமாக்கியவன் நான். ராயபுரம் மண்டபத்தில் விழா. பொன்னாடைக்குப் பதில் ஆளுக்கொரு பனியன் பெட்டி. மைக்கைப் பிடித்தவன், டெய்லர் ரோஸ்மேரியை நடிக்க அனுப்பிய முதலாளிக்கு நன்றி சொன்னான். டீ வாங்கி வந்த முனீஸுக்கும் சொன்னான். என் பெயர் மட்டும் வரவே இல்லை. அப்போது கரண்ட் போனது. அந்த இருட்டிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு ஊரெல்லாம் ஒரு கதை சொல்லித் திரிந்தான். என் பெயரைக் கடைசிக்கென்று வைத்திருந்தானாம். மைக் போனதும் இருட்டில் கத்திக் கூப்பிட்டானாம். விசில் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லையாம். பச்சைப் பொய் என்றேன். ஊர் என்னைத்தான் நம்பியது. கூட இருந்தவனையே ஏமாற்றியவன் என்று பேராகி, அடுத்த படத்துக்கு அவனுக்கு ஒருவனும் வரவில்லை. வேண்டும் அவனுக்கு.

வீடியோ எடுத்த திருமூர்த்தியின் கேமரா பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் அப்போதே என்னிடம் கொடுத்துவிட்ட கேசட்டை நான் இன்றுவரை போட்டுப் பார்த்ததில்லை. பட்ட அவமானத்தை இன்னொரு முறை வேறு பார்க்க வேண்டுமா? இப்போது ஊர் பார்க்கட்டும். கரண்ட் போன இடத்தை ஒரு விநாடிகூட வெட்டாமல் போடப் போகிறேன். அவன் முகத்தையும் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 30

பழைய பிளேயர் கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 31

கூப்பிட்டிருக்கிறான்.

கேமரா விளக்கில் அவன் முகம் மட்டும் தெரிகிறது. கேடயத்தை வாசல் பக்கமாக நீட்டிக்கொண்டு, தொண்டை கிழிய — "மகுடேசா! டேய், மேல வாடா! இது என்ற படமில்லீங்க, அவன் வெட்டுன படமுங்க!" மூன்று முறை. மொத்தம் நாற்பது விநாடி.

அப்படியென்றால் நான்? இருவத்தஞ்சு வருசமா நான் என்னத்தப் பண்ணிட்டு இருந்தேன்?

இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் கேட்டிருக்கும். ஏன் கடைசிக்கு வைத்தான்? முதலில் சொல்லித் தொலைத்தால் என்ன? தப்பு அவனுடையதுதான்.

செப்டம்பர் 1

வெட்டிவிட்டேன்.

செப்டம்பர் 6

லிங்கசாமி போன் செய்தார். "கரண்ட் போன எடம் வருதுங்களான்னு தங்கராஜ் கேட்டாருங்க. அதுக்குன்னே மக சுபஸ்ரீயக் கூட்டிட்டு வர்றாராம்."

வரும் என்றேன். வரத்தான் செய்யும். கரண்ட் போகும், உடனே வந்துவிடும்.

செப்டம்பர் 14

விழா முடிந்தது. கரண்ட் போன இடத்துக்கு நல்ல கைதட்டல். முன்வரிசையில் சுபஸ்ரீ அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கேப்பா நீங்க கூப்புட்டது?" அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்க்க ஆசைப்பட்ட முகம்தான். பார்த்துவிட்டேன்.

சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் வந்து நின்றான்.

"விசில் சத்தத்த ரெண்டு பக்கமும் இழுத்து ஒட்டியிருக்கற. நம்ம படத்துல மில்லுச் சங்குச் சத்தத்த ஒட்டுனயே, அதே மாதிரி."

"கேசட்ல பூஞ்சைடா" என்றேன்.

"பூஞ்சைக்கு இத்தன நேக்கு வராது, மகுடேசா." தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தான். "நல்லா வெட்டியிருக்கற."

சாப்பிடாமலே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மண்டபம் முழுக்க அத்தனை பேர் இருந்தும் என் வேலையைக் கவனித்தவன் அவன் ஒருவன்தான்.

செப்டம்பர் 15

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். வெட்டிய நாற்பது விநாடி போனில் இருக்கிறது. காலையிலிருந்து பதினோரு முறை மேலே வரச் சொல்லிவிட்டான்.