பெல்ட்டுக்கு ஒரு பெயர்

தாம்ப்சன்
ஜனவரி 11

அன்புத் தங்கை எட்னாவுக்கு, அக்கா வின்னி எழுதிக்கொள்வது.

அன்றைக்குக் கவுன்சில் அறையில் இருந்தவர்கள்: அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உன் வீட்டுக்காரர் வாலஸ். அவருக்கு எதிரே கடைக்கார எலைஜா. குறிப்பு எழுத டெலியா. தெற்கிலிருந்து வந்த பள்ளிக்கூட வாத்தியார் கெவின். கதவோரம் நீ. மேஜைக்கு அடியில் டெலியாவின் நாய். "ஊருக்கு வாங்கின புது ட்ரக்கை நான் ஓட்டுறேன்" என்று நான் சொன்னதும் நாயைத் தவிர எல்லோரும் சிரித்தீர்கள். கெவின் ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவருக்கும் சிரிப்பு.

"மதினி, மிதிக்கட்டைக்குக் கால் எட்டுமா? ரெண்டு மாவு மூட்டையைப் போட்டு மேல உக்காரணும்" என்றார் வாலஸ். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பிப்ரவரி பத்துக்குள்ள லைசென்ஸோட வாங்க, சாவி உங்களுக்கு. இல்லேன்னா போன வருஷம் மாதிரி தெற்குக் கம்பெனிதான்" என்றார். எனக்கு வயது ஐம்பத்தொன்பது. ஒரு சொல்லும் மறக்கவில்லை.

போன வருடம் அந்தக் கம்பெனி ஆட்கள் செய்ததும் மறக்கவில்லை. உறைந்த ஏரியின் மேல் ஓட்டிக் கடக்கப் பயந்து, ஆறு வீட்டுக்கான ஜன்னல்களை அக்கரையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். பனி உருகி எல்லாம் தண்ணீரோடு போயிற்று. என் பேத்தி ரூபி இந்தக் குளிர்காலமும் நான் கிளம்பும்வரை பிளாஸ்டிக் தாள் ஒட்டிய ஜன்னலுக்குக் கீழேதான் தூங்கினாள். அவளை உன் வீட்டில் விட்டு வந்ததுதான் எனக்கு ஆறுதல்.

இங்கே காலையில் மைனஸ் நாற்பத்தொன்று. எனக்குப் பாடம் சொல்லித் தருகிறவன் ஹர்னீத் என்ற பஞ்சாபிப் பையன், இருபத்தேழு வயது. காலில் காகிதம் மாதிரி ஒரு ஷூ. முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு என் உபரிக் கம்பளிக் காலுறையைக் கொடுத்தேன். "ஆன்ட்டி, நான்தான் உங்களுக்குச் சொல்லித் தரணும்" என்றான். "சொல்லிக் குடு. கால் வெரல் மிச்சம் இருந்தாத்தானே சொல்லிக் குடுப்பே" என்றேன்.

நேற்று ட்ரெய்லர் நகரவே இல்லை. ஈரத்தோடு நிறுத்தியதால் பிரேக் உள்ளே உறைந்து ஒட்டிக்கொண்டது. அவன் மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொண்டு நின்றான். நான் சுத்தியலோடு அடியில் நுழைந்து, சக்கரத்துக்கு நாலு தட்டு, உன் அத்தான் சைலஸ் தட்டுவாரே அதே மாதிரி. விட்டுக்கொடுத்தது. பையன் போனைக் காதில் வைத்தபடியே நின்றான்.

கஷ்டம் ஒன்றுதான். வண்டியை எடுப்பதற்கு முன் சுற்றிவந்து, எதை எதைச் சரிபார்க்கிறோம் என்று பரீட்சை எடுப்பவருக்கு வாயால் சொல்ல வேண்டும். நூறுக்கு மேல் இருக்கிறது. புத்தகமோ இங்கிலீஷ். நம் எழுத்தென்றால் ஓடும் தண்ணீர் மாதிரி வாசிப்பேன். அவர்கள் எழுத்தில் ஒரு வரிக்கு ஒரு கோப்பை தேநீர் ஆகிறது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எனக்குக் கெடுதல் செய்தவர்களை, பாகத்துக்கு ஒருவராக, வண்டி முழுக்க உட்கார வைத்துவிட்டேன். முன்விளக்கு எலைஜா, புழு வைத்த மாவைக் கண்ணைச் சிமிட்டாமல் விற்றவர். பக்கக் கண்ணாடி டெலியா, ஊரையெல்லாம் பார்ப்பாள், தன்னைப் பார்க்க மாட்டாள். பிரேக்குக்கான காற்றுத் தொட்டி வாலஸ். தினமும் திறந்து ஈரத்தை வெளியேற்றாவிட்டால் உள்ளேயே உறைந்துவிடும். நீ ஹாரன். நீதான் சத்தமாகச் சிரித்தாய்.

போனில் பேசினால் உன் காதில் ஈ இரைகிற மாதிரி கேட்கிறதென்கிறாய். ஆகவே விமானி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ரூபிக்கு மீன் கொடுக்கும்போது முள் பார்த்துக் கொடு.

உன் அக்கா,
வின்னி


வெள்ளைமீன் முனை
ஜனவரி 19

பாசமுள்ள அக்காவுக்கு எட்னா.

நான் சிரிக்கவில்லை. இருமினேன். அடுப்புப் புகை. அந்த ஹாரனை என்னிடமிருந்து எடுத்துவிட்டு ஹீட்டரையாவது கொடு. நாற்பது வருடம் உனக்குத் தையல் நூல் கொடுத்தவள் நான்.

ரூபி சுகம். என் ரொட்டித் தட்டை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு நாள் முழுக்க வீட்டுக்குள் ட்ரக் ஓட்டுகிறாள். "சின்னப் பாட்டி, ஓரம் போ! பாட்டி லோடு வருது!" என்று கத்துகிறாள். அவள் கத்தினால் மட்டும் எனக்குக் காது கேட்கிறது.

வாலஸ் நேற்று ஏரியின் குறுகலில் பனியைத் துளைத்து அளந்தார். முப்பத்தெட்டு அங்குலம். லோடு ஏற இன்னும் நாலு வேண்டும், அடுத்த மாதம் தயாராகிவிடும் என்கிறார். சொல்லாமல் இருக்க முடியவில்லை அக்கா, அவர் தெற்குக் கம்பெனிக்கு இரண்டு முறை போன் பேசிவிட்டார். "பத்தாம் தேதிக்கு அப்புறம் ஒரு நாள்கூட காத்திருக்க மாட்டேன்" என்கிறார். புகைபோட்ட வெள்ளைமீன் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். அந்தப் பையனுக்கும் கொடு. தின்பானா?

உன் தங்கை,
எட்னா


தாம்ப்சன்
ஜனவரி 28

எட்னா,

மீன் வந்தது. பையன் இறைச்சியும் தொட மாட்டான், மீனும் தொட மாட்டான். ஆனால் பொட்டலத்தை மோந்து பார்த்து, "என் அம்மா ஊறுகாய் அனுப்பற மாதிரியே கட்டியிருக்காங்க" என்றான். பாதகமில்லை, நல்ல பிள்ளை.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பரீட்சைக் கேள்விகளை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இரண்டுதான் தப்பு. வண்டியைச் சுற்றி வந்து சொல்லுகிற பரீட்சையை எடுத்தவர் மிஸஸ் க்ளாசன் என்று ஒரு நரைத்த அம்மா. நான் ஒன்றும் விடவில்லை. அவசரத்தில் பெயர்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"வாலஸ். காத்துத் தொட்டி. ஈரம் எறக்கியாச்சு."

"யாரும்மா அது வாலஸ்?"

"என் தங்கச்சி புருஷன். அடிக்கடி எறக்கணும்."

அந்த அம்மா பேனாவை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினார். அதை நான் சிரிப்புக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு ரோட்டுக்குப் போனோம். கியர் நன்றாக விழுந்தது, திருப்பம் நன்றாக வந்தது. பர்ன்ட்வுட் ஆற்றுப் பாலம் வந்தது. கீழே ஆறு வெள்ளையாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான். வலது கை தானாகப் போய் பெல்ட்டைக் கழற்றிவிட்டது. இடது கை கதவை ஒரு விரல் கடை திறந்து பிடித்துக்கொண்டது. குளிர்காற்று உள்ளே அடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"பெல்ட்! கதவு! ஓரமா நிறுத்துங்க!" என்று அந்த அம்மா கத்தினார்.

பெயில்.

திரும்பும்போது ஹர்னீத் மெதுவாகக் கேட்டான்: "ஏன் ஆன்ட்டி? முப்பது நாள்ல ஒரு தடவகூட நீங்க இப்படிச் செஞ்சதில்லையே."

"முப்பது நாளும் நீ என்னை ஊருக்குள்ளயே சுத்த விட்டே. தண்ணி பக்கம் கொண்டுபோகலே. எங்க பாதை ஏரி மேல போகுது. பனி உடைஞ்சா குதிக்க ரெண்டு மூச்சு நேரம்கூட இருக்காது. அதனால ஏரியில ஏறினதும் பெல்ட்டைக் கழட்டிடணும், கதவைத் திறந்து பிடிச்சுக்கணும். என் வீட்டுக்காரருக்கு முதுகு வலிச்சப்பெல்லாம் நான்தான் ஓட்டினேன். இந்தக் கைக்கு அதுதான் தெரியும்."

அவனிடம் சொல்லாதது ஒன்று உண்டு. சைலஸைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தபோது பெல்ட் போட்டபடியே இருந்தார், எட்னா. ஏரியில் ஏறினதும் முதலில் பெல்ட்டைக் கழற்றுகிற மனுஷன். ஒன்பது வருடமாக ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது என் கைக்கு அதற்குத் தலைகீழ் வியாதி, கழற்றக் கூடாத இடத்தில் கழற்றுகிறது.

எட்டாம் தேதி இன்னொரு தடவை வரச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று தோன்றுகிறது. வாலஸிடம் சொல்லிவிடு, சாவியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.

வின்னி


வெள்ளைமீன் முனை
பிப்ரவரி 2

அக்கா,

வாலஸிடம் அதைச் சொல்லப்போவதில்லை. வேறொன்றை உன்னிடம் சொல்லப்போகிறேன். கோபப்படு, ஆனால் முழுக்க வாசித்துவிட்டுப் படு.

அத்தான் போன அன்றைக்கு வாலஸ் பின்னாலேயே இன்னொரு ட்ரக்கில் வந்துகொண்டிருந்தார், உனக்குத் தெரியும். இரண்டு பேரும் அந்த வருடம் தெற்குக் கம்பெனிக்குத்தான் ஓட்டினார்கள். கரையை விட்டு இறங்கினதும் வாலஸ் ரேடியோவில், "சைலஸ், கழட்டியாச்சா?" என்று கேட்டிருக்கிறார். அத்தான் சிரித்துக்கொண்டே, "இல்லடா. புது மேனேஜர் ட்ரெவர் போன வாரம் என்னைப் பிடிச்சுட்டான். இன்னொரு தடவை பெல்ட் இல்லாம பாத்தா வேலை கிடையாதுன்னுட்டான். அக்கரையிலதான் நிக்கறானாம்" என்றார். அதற்கு மேல் ரேடியோவில் ஒன்றும் வரவில்லை.

"இதை உன் அக்காகிட்ட சொல்லாதே, கோடாலியை எடுத்துக்கிட்டு தெற்கே கிளம்பிடுவா" என்று வாலஸ் என்னிடம் சத்தியம் வாங்கினார். நீ கிளம்பியிருப்பாய், இல்லை என்று சொல்லாதே. அன்றைக்கு அவர் சிரித்ததும் அதற்காகத்தான். சிரித்தால் வெட்கப்பட்டு விட்டுவிடுவாய் என்று நினைத்தார். அதே ஏரியில் உன்னையும் பின்னாலிருந்து பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

நேற்று அவர் மறுபடி கம்பெனிக்குப் போன் எடுத்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டேன். "பத்தாம் தேதிவரை அந்தப் போனைத் தொட்டா உங்க ரொட்டியை நீங்களே சுட்டுக்கோங்க" என்றேன். சுட்டார். டெலியாவின் நாய் வந்து மோந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டார்.

ஒன்று கேட்கிறேன். வண்டியில் எல்லாவற்றுக்கும் ஒரு ஆளை உட்கார வைத்தாயே, பெல்ட்டுக்கு யாரை வைத்தாய்? இரண்டு கடிதத்தையும் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டேன், அதற்குப் பெயரே இல்லை. பெயர் வைத்த எதையும் நீ விட்டதில்லை அக்கா.

எட்டாம் தேதி போ.

எட்னா


தாம்ப்சன்
பிப்ரவரி 8

என் தங்கம் எட்னா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அறைக்குள்ளேயே கிடந்தேன். ஹர்னீத் வந்து கதவைத் தட்டி, "ஆன்ட்டி, வண்டி சூடாயிருக்கு, பாலத்துக்குப் போகலாமா?" என்றான். போனோம். ஆறு தடவை. நாலு தடவை கழற்றினேன். ஐந்தாவது தடவை கை பாதியில் நின்றது. ஆறாவது தடவை உன் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொன்னேன். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

இன்று மிஸஸ் க்ளாசன் அதே பாலத்துக்குத்தான் கூட்டிப்போனார். வேண்டுமென்றேதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். கை எழுந்தது. நான் அந்தப் பெயரைச் சொன்னேன். கை இறங்கியது. கீழே ஆறு, மேலே நான், நடுவில் இரும்புப் பாலம். கடந்துவிட்டோம்.

"இது யாரு, புதுப் பேரா இருக்கே? போன தடவ இந்தப் பேர் வரலையே" என்றார்.

"விட்டுப்போச்சும்மா. பெல்ட். குறிச்சுக்குங்க."

குறித்துக்கொண்டார். அப்புறம் அந்தத் தாளில் கையெழுத்தும் போட்டார்.

ஹர்னீத் பனியில் குதித்து, வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கை தட்டினான். என் காலுறைதான் போட்டிருந்தான்.

புது ட்ரக் இங்கேதான் நிற்கிறது, வாலஸ் சொல்லி வைத்தபடி லைசென்ஸைக் காட்டியதும் விற்றவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். ஆறு வீட்டு ஜன்னலும் ஏற்றியாகிவிட்டது. நாளைக் காலை கிளம்புகிறேன். பத்தாம் தேதி மதியம் குறுகலுக்கு வருவேன். வாலஸ் அங்கே பனியை அளந்துவிட்டு எனக்கு முன்னால் நிற்கட்டும், பின்னால் வேண்டாம். முதல் ஜன்னல் ரூபிக்கு. கரையிலிருந்து இறங்கினதும் பெல்ட்டைக் கழற்றிவிடுவேன், கதவைத் திறந்து பிடித்துக்கொள்வேன். அங்கே அதுதான் சரி. எது தரை, எது தண்ணீர் என்று இப்போது கைக்குத் தெரியும்.

இப்படிக்கு,
லைசென்ஸ் வாங்கிய உன் அக்கா,
வின்னி

தாளில் இடம் மிச்சம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வாலஸை விட்டுவிட்டேன். ஒன்பது வருடம் அதை நெஞ்சில் வைத்திருந்ததே அவருக்குப் போதும். எலைஜாவை விட்டுவிட்டேன், நல்ல மாவு வரவழைத்தால். டெலியாவையும் வாத்தியாரையும் விட்டுவிட்டேன். நீ இருமியதை ஒப்புக்கொள்கிறேன், இன்றிலிருந்து நீ ஹீட்டர். அந்த ட்ரெவரைப் பின்சக்கரத்துச் சேறுதாங்கியில் வைத்திருக்கிறேன், அதற்குமேல் அவன் எனக்கு யாரோ. அவனுக்கு ஏரி தெரியாது.

ஆனால் ஏரி தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பெல்ட்டில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். முப்பத்தொரு வருடம், குல்லா போடுங்கள் என்றால் போட்டதில்லை, தின்றுவிட்டுப் போங்கள் என்றால் உட்கார்ந்ததில்லை. யார் பேச்சையும் கேட்காத மனுஷன், அந்த ஒரு நாள் மட்டும் முன்பின் தெரியாதவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு என்னை விட்டுப் போனார். குறுகலின் நடுவில் வேகத்தைக் குறைத்து, திறந்த கதவு வழியாக அவரிடமே சொல்லப்போகிறேன், எல்லோரையும் மன்னித்துவிட்டேன், உங்களை மட்டும் மாட்டேன், சைலஸ்.