தொட்டிக்குள் இறங்கியவன்

நேற்று திருவள்ளூரில் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடி மீன்தொட்டி. அதன் மூலையில் மெல்லிய கோடு ஒன்று கண்ணில் பட்டதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது விரிசல் இல்லை, உள்ளே ஒட்டியிருந்த பாசி. தொட்டியிலிருந்து தள்ளியிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் இப்படித்தான்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மீன் பண்ணையில் நான் குமாஸ்தா, நீ மீன்களைப் பார்த்துக்கொள்பவன். எழுபதுகளின் தொடக்கம், கத்திரி வெயில் காலம். வாசலில் முதலாளி கட்டியிருந்த காட்சித் தொட்டிக்கு மூன்று பக்கம் செங்கல் சுவர், முன்பக்கம் ஆளுயரக் கண்ணாடி. உள்ளே நான்கு குராமி மீன்கள், ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையின் கனம். பெரியது உன் கையிலிருந்தே கீரை வாங்கித் தின்னும்.

அன்று காலை கண்ணாடியின் கீழ்மூலையில் விரிசலை முதலில் பார்த்தது நீதான். முதலாளி ஊரில் இல்லை. புதுக் கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டிய பள்ளத்தில் லாரித் தார்ப்பாயை விரித்து, கிணற்று மோட்டாரைப் போட்டோம். முழங்கால் அளவு தண்ணீர் நின்றதும், உடனே மீன்களைத் தூக்கிவிடலாம் என்றேன். நீ பள்ளத்தில் காலை விட்டுப் பார்த்துத் தலையாட்டினாய்.

"இது ஐஸாட்டம் கீது. தொட்டித் தண்ணி வெந்நீராட்டம் கீது. அப்படியே வுட்டா எல்லாம் செத்துப்பூடும் பா."

"கண்ணாடி உடைஞ்சா மட்டும் பொழைக்குமா?"

"தொட்டித் தண்ணிய மொண்டு மொண்டு இதுல ஊத்துவோம். இதுவும் சூடாவும், கண்ணாடிக்கும் பாரம் கொறையும்."

வாளி வாளியாகச் சுமந்தோம். தொட்டியில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதத் தொடங்கின. வலை போட்டால் செதில் பிய்ந்துவிடும்; யாராவது உள்ளே இறங்கி ஈரச் சாக்கில் சுருட்டித் தர வேண்டும் என்றாய். நான் இறங்குகிறேன் என்று ஏணியில் ஏறினேன். ஒரு காலைச் சுவரைத் தாண்டி வைத்தேன். அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம். விரிசல் ஒரு விரல் நீளம் மேலே ஓடியது.

நான் இறங்கிவிட்டேன், தொட்டிக்குள் அல்ல, தரைக்கு.

நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிப் போனாய். முதல் மீனைச் சாக்கோடு சுவருக்கு மேல் நீட்டினாய். நான் வாங்கிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினேன். இரண்டாவது. மூன்றாவது. கடைசியாகப் பெரியதை நீ சுருட்டும்போது அது வாலால் ஓங்கி அடித்தது. கண்ணாடி மொத்தமாகச் சரிந்தது. தண்ணீரோடு நீயும் வெளியே வந்து விழுந்தாய், மீனை நெஞ்சோடு அணைத்தபடி. உன் வலது கெண்டைக்கால் பிளந்திருந்தது.

"ஐயோ, காலு..." என்று நான் குனிந்தேன்.

"மீனப் புடி பா மொதல்ல!" என்று கத்தினாய்.

நான் மீனை எடுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது உன்னைச் சுற்றியிருந்த தண்ணீர் சிவந்திருந்தது. என் வேட்டியைக் கிழித்துக் கட்டி, மாட்டுவண்டியில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மறுநாள் ஒரு மீன் செத்தது. பெரியது உட்பட மூன்று பிழைத்தன.

நடந்ததை எழுதித் தரச் சொன்னார் முதலாளி. 'நாங்கள் இருவரும் தொட்டிக்குள் இறங்கி' என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று அன்றும் தெரியும், இன்றும் தெரியும். கையெழுத்துக்காக உன்னிடம் நீட்டினேன். நீ எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தாய். அந்த வரியில் உன் விரல் நின்றது. என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "உடு பா, நீயும்தான ஓடின," என்று கையெழுத்துப் போட்டுத் தந்தாய்.

அடுத்த மாதம் என்னை மேற்பார்வையாளராக்கினார்கள். கால் சரியாக ஊன்றாமல் நீ வேலையை விட்டு, உன் ஊரான பழவேற்காட்டுக்கே போய்விட்டாய். ஏரியில் வலை வீசிப் பிழைத்தாய். பொங்கலுக்குப் பொங்கல் வந்து பார்ப்பேன். அந்த வரியைப் பற்றி ஒரு முறையாவது திட்டுவாய் என்று ஒவ்வொரு தடவையும் எதிர்பார்த்தேன். நீ உன் மனைவியிடம் எனக்கு இறால் வறுத்துப் போடச் சொல்வாய், அவ்வளவுதான்.

உன் காரியத்தன்று உன் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இவருதான் அந்த அண்ணா. ரெண்டு பேருமா தொட்டில எறங்கி மீன காப்பாத்துனாங்களாம். அவரு வாயத் தொறந்தா இந்தக் கதைதான்," என்றார்.

வீட்டுக்குள்ளும் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷமும், கட்டியவளிடம்கூட.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு இனிக் கிடைக்காது. நான் மோரைக் கையில் வைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.